வெற்றிக் கதைக்கு ஆள் தேவை

1. திங்கட்கிழமை வந்த போன்

எங்களுக்கு நிதி தந்த நிறுவனத்தின் சென்னை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. திட்ட அலுவலர் வியாழக்கிழமை அரியலூர் வருகிறார். மையத்தைப் பார்ப்பார். பிறகு, அரையாண்டு அறிக்கையில் 'குமார்' என்ற பெயரில் நாங்கள் எழுதியிருந்த பையனை, அவன் வேலை செய்யும் இடத்திலேயே சந்திப்பார். அப்போது நான் மையத்தின் ஒருங்கிணைப்பாளர். மூன்று வருட நிதி முடியப்போகிற சமயம் அது. அடுத்த மூன்று வருடம் கிடைக்குமா என்பது இந்த வருகையைப் பொறுத்தது.

மையம் என்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை மாடி. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, போலீஸ் ஸ்டேஷனையும் பார்த்துவிட்ட பையன்கள் சாயங்காலம் வருவார்கள். கேரம் ஆடுவார்கள், பிரைவேட்டாக எழுதும் பரீட்சைக்குப் படிப்பார்கள், வேலை கேட்பார்கள். நிதி கேட்டு அனுப்பும் புரபோசலில் அவர்களை 'ஆபத்துச் சூழலில் வாழும் நகர்ப்புற இளைஞர்கள்' என்று எழுதுவோம்.

குமார் அவனுடைய நிஜப் பெயர் இல்லை. இங்கேயும் அப்படியே இருக்கட்டும். சிமெண்ட் லாரிகள் லோடுக்காக வரிசையில் நிற்கும் இடத்தில் பேட்டரி கழற்றி விற்றுப் பிடிபட்டவன். சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம் எங்களிடம் இருந்தான். பிறகு பெரம்பலூரில், திருச்சி ரோட்டோரம் ஒரு டயர் கடையில் அவனாகவே போய் வேலை கேட்டுச் சேர்ந்துகொண்டான். கடைச் சாவியே அவனிடம்தான் இருந்தது. முதலாளிக்குப் பழைய கதை எதுவும் தெரியாது.

எங்கள் செயலாளர் கெட்ட மனிதர் அல்ல. மாதக் கடைசியில் எல்லோருக்கும் சம்பளம் போட வேண்டிய கவலை அவருக்கு. "போயி அவன்கிட்ட சொல்லிட்டு வந்துடுங்கம்மா. அரை மணி நேரம், ஒரு டீய குடிச்சிட்டு அவங்க கெளம்பிடுவாங்க" என்றார்.

2. டயர் கடை

செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துப் போனேன். ஒரு லாரிக்கு அடியில் ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எதிர்ப்பக்க டீக்கடைக்குக் கூட்டிப் போனான். விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் வரும் ஜீப்பில் நிறுவனத்தின் போர்டு இருக்குமா என்று கேட்டான். இருக்கும் என்றேன். வருகிறவர் என்ன கேட்பார் என்றான். முன்னால் எப்படி இருந்தாய், இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்பார் என்றேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கடையைக் காட்டினான்.

"அக்கா, இங்க நான் டயர் கழட்டுறவன். அவங்க வந்துட்டுப் போனா பேட்டரி கழட்டுனவன் ஆயிடுவேன். அப்புறம் ஒரு நட்டு காணாமப் போனாலும் மொதலாளி என் மூஞ்சியத்தான் பாப்பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. லாரியில் என்ன கோளாறு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். பிறகு, அவன் சம்மதிக்காவிட்டால் மையத்தை மூடிவிடுவார்களா என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"அப்ப நீங்களே சொல்லுங்கக்கா. வரச் சொன்னா வரட்டும்."

அவன் மறுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முடிவை என்னிடம் விட்டுவிட்டான். மையத்தில் அன்றைக்கு இருந்த மற்றப் பையன்கள், என்னோடு வேலை பார்த்தவர்கள், என் சம்பளம் எல்லாம் கண் முன்னால் வந்தன. பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தான். பஸ்ஸில் ஏறும்போதுதான், யாரும் வர மாட்டார்கள், நீ வேலையைப் பார் என்று சொன்னேன்.

செயலாளர் என்னைத் திட்டவில்லை. வேறு வழி சொன்னார். "குமாருங்கறதே நாம வச்ச பேருதானே. வேற ஒருத்தன் குமாரா நின்னுட்டுப் போறான்." அவருக்குத் தெரிந்த ஒர்க்ஷாப் இருந்தது. மையத்தில் ஒரு பையன் நான் நடிக்கிறேன் என்று சந்தோஷமாகவே முன்வந்தான். செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் திருடுவதை விட்டுவிடு என்று சொல்லித்தான் இந்தப் பையன்களை மாடிக்குக் கூட்டிவந்தோம். அவர்கள் முன்னால் நானே ஆளை மாற்றிக் காட்ட முடியாது என்றேன். அப்படியென்றால் நிற்கப்போகிற சம்பளங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள் என்று அவர் எழுந்து போய்விட்டார்.

3. வியாழக்கிழமை

திட்ட அலுவலர் என்னைவிட இளையவர். நாற்காலியில் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன்.

"குமார் நல்லாருக்கான் மேடம். ஆனா அவனப் பாக்க முடியாதுங்க. பாத்தா வேலை போயிடும்."

அவன் இருக்கிறான் என்பதை எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் என் வார்த்தையைத் தவிர ஒன்றும் இல்லை. அவர் சாயங்காலம் வரை மையத்தில் இருந்தார். பையன்களோடு கேரம் ஆடித் தோற்றார். கிளம்பும்போது, "நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா நேர்ல பாத்தேன்னு நான் எழுதியாகணுமே" என்றார். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

மூன்று வருடத்துக்குப் பதில் ஒரு வருட நிதிதான் வந்தது. களப்பணியாளர்களில் இருவரை நிறுத்த வேண்டியதாயிற்று. அதில் ஒருவர் தெருத்தெருவாகப் போய்ப் பையன்களைத் தேடிக் கூட்டிவந்தவர். வெகுநாள் என்னோடு பேசவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள். அவரிடம் நான் செய்தது சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் வராது.

அடுத்த புரபோசலில் ஒரு வரி சேர்த்தேன்: பயனாளியின் சம்மதம் இல்லாமல் அவரை வீட்டிலோ வேலையிடத்திலோ யாரும் சந்திக்கக் கூடாது. செயலாளர் அதை அடித்தார். நான் திரும்பச் சேர்த்தேன். அனுப்பிய இடத்தில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த வரியை முதல் வருடமே எழுதியிருக்கலாம் என்பதுதான் நான் கற்றது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் பணம் வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பணம் வந்த பிறகு எழுதுவது கஷ்டம்.

இரண்டு வருடம் கழித்துக் குமாருக்குப் பெரம்பலூரில் கல்யாணம். போயிருந்தேன். முன்வரிசையில் டயர் கடை முதலாளி குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். குமார் என்னை அவரிடம் கூட்டிப்போய், அரியலூரில் டைப்ரைட்டிங் சொல்லித்தருகிற டீச்சர் என்று அறிமுகப்படுத்தினான். எனக்கு ஒரு விரலால்கூட டைப் அடிக்கத் தெரியாது.

முதலாளி எழுந்து கும்பிட்டார். "எம் பொண்ணு பத்தாவது முடிச்சிருக்குங்க டீச்சர். லீவுல உங்ககிட்ட அனுப்புனா சேத்துக்குவீங்களா?"

இப்போது கிளாஸ் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு, பந்திக்குப் போய் உட்கார்ந்தேன்.