அட்சரேகை மட்டும் கிடைத்த நாள்

மராட்டிய ஊரான சிஞ்ச்வடில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் மொட்டை மாடியில் நான் கட்டிய ஆன்டெனா கம்பிக்காக ஏழு வருடச் சண்டை. அமெச்சூர் ரேடியோ என் பைத்தியம். செக்ரட்டரிக்கு அது கண்ணில் விழுந்த தூசி. ஒருமுறை ஆள் வைத்து வெட்டியே விட்டார். அதை நான் மறக்கவே இல்லை. மறந்து தொலைத்திருக்கலாம்.

என் தம்பி தனியாளாகப் பாய்மரப் படகில் இந்தியப் பெருங்கடலில் போய்க்கொண்டிருந்தான். தினமும் பகல் பதினொன்றரைக்கு ரேடியோவில் பேசுவோம். ஒருநாள் அவன் குரலே சரியில்லை.

"அண்ணே, படகு அடியில கீறல் விட்டிருக்கு. எறைக்க எறைக்க தண்ணி ஏறுதுண்ணே. மத்த கருவியெல்லாம் நனைஞ்சு செத்துப்போச்சு. இந்த ரேடியோவுக்கும் பேட்டரி கொஞ்சந்தான்."

"எங்கடா இருக்க, இடத்தச் சொல்லித் தொலை!" என்று கத்தினேன். குரல் தேய்ந்துபோனது. "நாளைக்கு" என்பது மட்டும் காதில் விழுந்தது. கடலோரக் காவல்படைக்குப் போன் செய்தேன். இடம் தெரியாமல் எங்கே தேடுவது என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான்.

மறுநாள் பதினொன்றரைக்கு ஹெட்போனை மாட்டினேன். தம்பியும் இல்லை, யாருமே இல்லை. எப்போதும் இருக்கும் இரைச்சல்கூட குழாயை மூடினாற்போல் நின்றிருந்தது. கம்பியைக் கழற்றினால்தான் அப்படி ஆகும்.

"படுபாவி, மறுபடி வெட்டிட்டான்!"

போகிற வழியில் செக்ரட்டரி வீட்டுக் கதவை இடித்து, வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன். அந்த மனுஷன் ஈரத் தலையோடு பின்னாலேயே ஓடிவந்தார்.

"அஹோ, தார் மீ நாஹீ காப்லீ!" கம்பியை நான் வெட்டவில்லை என்று மராட்டியில் சத்தியம் செய்தார்.

கம்பி முழுசாகத்தான் இருந்தது. நான் நம்பவில்லை. உள்ளே எங்கோ இணைப்பு விட்டிருக்கும் என்று கம்பியை இறக்கி, ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்தேன். மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. அதை நிமிர்ந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

"ஏங்க, சீக்கிரம் வாங்க! தளேகாவ்லேர்ந்து போன்!" என்று மனைவி மூச்சிரைக்க ஏறி வந்தாள். பக்கத்து ஊரான தளேகாவில் என்னைப் போலவே ரேடியோ வைத்திருக்கும் மராட்டிய நண்பர். அவசரம் என்றால் இந்தியில் கொட்டுவார்.

சூரியனில் பெரிய வெடிப்பாம். அதன் எக்ஸ் கதிர் எட்டே நிமிடத்தில் வந்து மேல் வானத்தைக் கெட்டிப்படுத்திவிடும்; நம் சிற்றலை திரும்பி வராமல் அங்கேயே விழுங்கப்படும். பகலாக இருந்த பாதி உலகத்துக்கும் ரேடியோ செத்திருந்தது. என் கம்பிக்கு ஒரு குறையும் இல்லை.

"இப்ப எல்லாம் திரும்பி வந்தாச்சு. உங்க தம்பி பத்து நிமிஷமா உங்களைத்தான் கூப்பிட்டான். நான் பதில் சொன்னேன், அவனுக்குக் கேக்கல. நீங்க எங்க போனீங்க?"

என் கையில் கம்பித் துண்டுகள் இருந்தன.

அட்சரேகை முழுசாக விழுந்ததாம். தீர்க்கரேகை சொல்லும்போது குரல் அமுங்கிவிட்டது, அப்புறம் ஒன்றுமில்லை. அவருடையது என்னுடையதைவிடச் சின்னக் கம்பி. காவல்படை அதிகாரியிடம் பாதியைச் சொன்னேன். "தீர்க்கரேகை?" என்றார். "தெரியல சார், தெரியல" என்று அழுதேன். கடல் குறுக்கே ஒரு கோடு முழுக்கத் தேட வேண்டும். சூரியன் தின்றது நாற்பது நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைத் தின்றவன் நான்.

ஐந்தாம் நாள் ஒரு சரக்குக் கப்பல் அவனைப் பார்த்தது. படகு முக்கால்வாசி முழுகியிருந்தது. அவனுக்கு நாக்கு வீங்கிப் பேச்சு வரவில்லை.

தேறி எங்கள் வீட்டுக்கு வந்தபோது சொசைட்டியே பார்க்க வந்தது. "அண்ணன் ரேடியோ பக்கத்துலயே உக்காந்திருப்பாருன்னு எனக்குத் தெரியும், சூரியன்தான் விடல" என்று எல்லோரிடமும் இந்தியில் சொன்னான். பழப் பையோடு நின்ற செக்ரட்டரி என்னை ஒரு கணம் பார்த்தார்.

"ஆமாம், நான்தான் பார்த்தேனே. அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை உன் அண்ணன்" என்றார்.

அன்று மாடியில் என்னோடு கம்பியைப் பிடித்து நின்ற அவர் கையிலிருந்து பழப் பையை வாங்கிக்கொண்டேன்.