கணப்பில் அமர்ந்த பிள்ளையார்

ரோஹிணி காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பார் அவள் கணவர் ஸ்ரீரங்கன். கிழக்குத் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியை. வகுப்பில் நாற்காலியைத் தொட்டதில்லை. வீட்டிலும் பால் பொங்குவதற்குள் பால்கனிக்கு நாலு நடை போய் வந்துவிடுவாள்.

பால்கனிக்குக் கீழேதான் அந்தப் பழைய பங்களா. புத்தம்புதுக் குடியிருப்புகளுக்கு நடுவே, ஓடு சரிந்து, ஜன்னலில் ஆலங்கன்று முளைத்து நின்றது. எப்போதோ ரயில்வேயில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கட்டியதாம். குளிர் காயக் கணப்பும் அதற்கொரு புகைக்கூண்டும் வைத்திருந்தார், அதுவும் தாம்பரத்து வெயிலில்! வீடு பார்க்க வந்த அன்று ரோஹிணி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த கையோடு, வாங்கினால் இங்கேதான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்தும் ஊர்க் குளிரை மறக்க முடியாத அந்த மனுஷர் மேல் அவளுக்கு ஒரு பாசம்.

பங்களாவைப் பழுதுபார்த்து நூலகமாக்கித் தருவதாக பில்டர் சொல்லியிருந்தார். வீடுகள் விற்றுத் தீர்ந்ததும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். பாம்பு வருகிறது, கார் நிறுத்த இடமில்லை என்று குடியிருப்போர் சங்கத்தில் கூச்சல். ரோஹிணி ஒருத்திதான் எதிர்த்தாள். செயலாளர் தனசேகர் காதில் போட்டுக்கொள்ளாமல் ஜேசிபிக்குச் சொல்லிவிட்டார்.

ஜேசிபி வரவிருந்த அன்று காலையில், சந்தையில் வாங்கிய கருங்கல் பிள்ளையார் ஒருவரைக் கணப்புக்குள் உட்காரவைத்து, அருகம்புல் சாத்தி விளக்கேற்றினாள் ரோஹிணி. ஜேசிபி ஓட்டும் லோகு உள்ளே எட்டிப் பார்த்ததோடு சரி.

"இன்னா சார், உள்ள புள்ளையாரு குந்திகினு கீறாரு! நான் கைய வெக்க மாட்டேன். நமக்கும் புள்ளகுட்டி கீது."

தனசேகர் பல்லைக் கடித்தார். ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரோஹிணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது நம் ஊரில் புதிதா என்ன? சதுர்த்திக்குச் சதுர்த்தி கூட்டம் சேர்ந்தது. பக்கத்து பிளாக் அபிதகுஜாம்பாள் மணி கட்டினார். யாரோ புகைக்கூண்டுக்குக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தார்கள். சுவர் நின்றால் போதும் என்று ரோஹிணி பொறுத்துக்கொண்டாள். அப்புறம் மழை வந்தது. கூரை ஒழுகிப் பிள்ளையார் நனைந்தார்.

"நாமெல்லாம் டைல்ஸ் போட்ட வீட்ல இருக்கோம். சாமி மட்டும் ஒழுகற வீட்லயா?" என்றார் அபிதகுஜாம்பாள். நிஜமாகவே அழுதார்.

இதை இடித்துவிட்டுக் கோபுரத்தோடு கோயில் கட்டலாம், மிச்ச இடத்தில் பார்க்கிங் வைக்கலாம் என்றார் தனசேகர். பக்தியும் காரும் ஒரே நேரத்தில் கூடிவந்ததில் அவருக்கு முகமெல்லாம் பல்.

"கூரை ஓடு மட்டும் மாத்தினா போதுமே சார்!" என்றாள் ரோஹிணி.

"மேடம், சாமியைக் கொண்டுவந்ததே நீங்கதான். இப்ப நீங்களே கோயில் வேண்டாம்னா எப்படி?"

பங்களாவைக் காக்கத்தானே சாமியை வைத்தேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். அத்தனை பேர் கைகூப்பும் சாமியைப் பற்றி அதை எப்படிச் சொல்வாள்? அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மொட்டை மாடிக்கும் வாசலுக்குமாக அலைந்தாள். தன் புத்திசாலித்தனத்தின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பிள்ளையாரைத் தற்காலிகத் தகரக் கொட்டகைக்கு மாற்ற நாள் குறித்தார்கள். "வெச்ச கைதான் எடுக்கணும்" என்றார் குருக்கள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

எடுக்க வந்தவர் கைக்கு அசையாமல் கனத்த சாமிகளின் கதை ஊருக்கு ஒன்று உண்டு. 'அசையாதே அப்பா, இந்த ஒரு தடவை அசையாதே' என்று மனசுக்குள் கெஞ்சியபடியே குனிந்தாள். பிள்ளையார் தேங்காய் மாதிரி லேசாகக் கைக்கு வந்துவிட்டார்.

வெளியே ஜேசிபி நின்றது. லோகு செருப்பைக் கழற்றிவிட்டு அவளிடம் வந்தார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. இப்ப உள்ள சாமி எதுவும் இல்லியே?"

மார்போடு பிள்ளையாரை அணைத்தபடி அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இல்லப்பா."

லோகு செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்.