மூடியது அருவிதான்

என் மனைவிக்குக் கை சும்மா இருக்காது. தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், இறங்குவதற்குள் ஒரு மீம் தயாராகிவிடும்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் ஒரு மலாய்ச் செய்தித் தலைப்பைப் பார்த்தாள்: 'ஆயர் தெர்ஜுன் தற்காலிகமாக மூடல்'. ஆயர் தெர்ஜுன் என்றால் மலாயில் அருவி. ஆனால் தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கும் சாலைக்கும் அதே பெயர்; பினாங்குத் தமிழர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் கோயில்தான் நினைவுக்கு வரும். செய்தியைத் திறந்தே பார்க்காமல், கோயில் படிக்கட்டுப் படத்தில் அழுகிற மயில் ஒன்றை ஒட்டி, 'முருகனுக்கே லீவு!' என்று போன் குழு ஒன்றில் போட்டுவிட்டாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். உண்மையில் மூடியது அருவிக்குப் போகும் பாதை மட்டும்.

மறுநாள் சுங்கை பாக்காப்பிலிருந்து அவளுடைய அக்கா போன் செய்தார். மகன் பிழைத்து எழுந்ததற்காகப் பால்குடம் நேர்ந்துகொண்டு விரதம் இருந்தவர்.

"கோயில மூடிட்டாங்களாமே தங்கச்சி! எங்க தாமான் வீட்டுக்காரங்க எல்லாரும் சேந்து, கோயிலுக்குப் பேசின வேன் வேணாம்னு சொல்லிட்டாங்க. என் வேண்டுதல் என்னா ஆவறது?" என்று அழுதார்.

அப்போதுதான் செய்தியைத் திறந்து படித்த இவள், கோயில் திறந்துதான் இருக்கிறது என்று சொன்னாள். "நீ ஒருத்திதான் சொல்ற. எல்லா குரூப்லயும் மூடிட்டாங்கன்னுதானே வருது?" என்றார் அக்கா.

"யாரு போட்டதுன்னு தெரியாதில்ல, விடுலா," என்றேன் நான், அவள் போனை வைத்ததும். அவள் என்னை முறைத்துவிட்டு மறுபடி போனை எடுத்தாள்.

முழுச் செய்தியையும் தமிழில் எழுதி எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினாள். யாரும் சீண்டவில்லை. அத்தனை நீளத்தை யார் படிக்கிறார்கள்? அன்று மாலை இரண்டு காதையும் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டபடி நின்று, என்னைப் படம் எடுக்கச் சொன்னாள். அதன்மேல் எழுதினாள்: 'மூடினது அருவி. கோயில் தொறந்திருக்கு. தப்பா படிச்சு மீம் போட்டது நான்தான்.' முகத்தை மறைக்கவில்லை. அது மயிலை முந்திக்கொண்டு ஓடியது. ஊரே சிரித்தது. மூன்றாம் நாள் அக்கா மறுபடி அழைத்து, வேனில் இடமே இல்லை என்றார்.

பூசத்தன்று அக்கா பால்குடத்தோடு படியேற, நாங்கள் பின்னால் போனோம். வழியில் ஒரு பெண் என் மனைவியை உற்றுப் பார்த்தாள்.

"தோப்புக்கரணம் போட்ட அக்காதானே நீங்க?"

"ஆமாலா, அந்த முட்டாள் நான்தான்," என்று இவள் சிரித்தாள்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. யாரும் கேட்காமலே, "நான் இவங்க வீட்டுக்காரர்," என்றேன்.