கடைக்கு வராத மருந்து

அண்ணன் இருபது வருடமாகத் தோட்டங்களில் பூச்சி மருந்து அடிப்பவர். தங்கைக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. மருந்தை நுண்துகள்களுக்குள் அடைத்து, இலையில் ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வைக்க அவள் ஒன்பது வருடம் மாடாக உழைத்தாள். பத்து தடவை அடிக்கும் இடத்தில் மூன்று தடவை போதும் என்று சோதனையில் தெரிந்தது. ஆனால் அந்தத் துகள் மண்ணில் என்ன ஆகும் என்று தெரியாமல் அரசு அதிகாரிகள் அனுமதி தர மறுத்துவிட்டார்கள். அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் கண்டுபிடிக்க இன்னும் நான்கு வருடம் ஆகும்.

அன்று காலை, வருடக்கணக்கில் மருந்து பட்ட அண்ணனின் கை நடுங்கி, டம்ளர் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

“உன் மருந்து எப்பம்மா கடைக்கு வரும்?”

“வரும்ண்ணே. அதுவரைக்கும் இந்த வேலைய விட்டுடுங்களேன்.”

“விட்டுட்டு? உங்க லேப்ல எலிக்குப் பதிலா என்னை வச்சுக்குவியா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாற்றுச் சட்டைக்கு அவளே பொத்தான் போட்டுவிட்டாள். அவர் மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.