பல் தெரியாத ஒரு படம்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் ஸ்டுடியோக்காரர். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் சரி, பட்டனை அழுத்தும் நொடியில், "கொஞ்சம் சிரிங்க!" என்பார். அழுது வீங்கிய முகம்கூட அப்படியே மலர்ந்துவிடும். மனிதருக்கு அது மூச்சு விடுவதுபோல.

அந்த மூச்சுக்குத்தான் வந்தது சோதனை. கல்லூரி இடமும் கட்டணச் சலுகையும் இனி நாட்டின் கல்வி வாரியத்தின் இணையதளம் வழியாகத்தான் என்று ஆனது. விண்ணப்பப் படத்தில் வாய் மூடியிருக்க வேண்டும். ஒரு பல் தெரிந்தாலும் கம்ப்யூட்டர் தூக்கி எறிந்துவிடும்.

கடைசி நாள் மதியம், சலவைக்கடை அக்கா தன் மகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம். ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். மகளுக்கோ மார்க் வந்த நாள் முதல் கால் தரையில் பாவவில்லை. எதைப் பார்த்தாலும் சிரிப்பு.

"வாயை மூடுடி!"

"மூடித்தாம்மா இருக்கேன்."

ஸ்டுடியோக்காரர் கேமராவைத் தூக்கினார். "கொஞ்சம் சிரிங்க!"

குபீரென்று வெடித்தாள் பெண்.

"என்னண்ணே, நீங்களே இப்படிப் பண்றீங்க!"

"வாய் தவறிடுச்சும்மா."

மறுபடியும் தவறியது. அடுத்த முறை கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். உள்ளேயிருந்து "ம்ம்ம்ம்ங்க!" என்று வந்தது. பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தாள். அக்காவும் சிரித்தாள், சிரித்த கண்ணிலேயே நீர் தளும்பியது.

"மணி ஆகுதேடி... நீயும் என்னை மாதிரி இஸ்திரிப் பெட்டியோடயே வேகணுமா?"

அம்மாவின் கண்ணீரைக் கண்டு பெண் உதட்டைக் கடித்தாள். ஐயோ பாவம், அடக்க அடக்கத்தானே சிரிப்பு பீறிடும்!

படங்களை வெட்டிக்கொண்டிருந்த ஸ்டுடியோக்காரரின் மனைவி எழுந்து வந்தாள்.

"நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

"எனக்கு இப்ப வேணாமே."

"வேணுமான்னு நான் கேட்டேனா?"

அவர் வெளியேறினார். அவள் கேமராவை எடுத்துக்கொண்டு பெண்ணின் எதிரே நின்றாள்.

"நாளைக்கு நீ நர்ஸ். கட்டில்ல நான் படுத்திருக்கேன், நரம்பே கிடைக்கல. நீதான் ஊசி போடணும். கை நடுங்குமா?"

பெண் யோசித்தாள். முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிந்தது. கண்கள் நிமிர்ந்தன, உதடுகள் சேர்ந்தன. அந்த முகத்தை அவளைப் பெற்றவளே அதுவரை பார்த்ததில்லை.

க்ளிக்.

"நடுங்காது அத்தை," என்றாள் பெண்.

படம் இணையதளத்தில் ஏறியது. திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது... பச்சை டிக்!

மூவரும் போட்ட கூச்சலில், பதறிப்போய் டீ கிளாஸோடு ஓடி வந்தார் ஸ்டுடியோக்காரர். அவர் சட்டையெல்லாம் டீ.

"எம் பொண்ணு நர்ஸ் ஆயிட்டா அண்ணே!"

"விண்ணப்பம்தாம்மா போயிருக்கு!" என்றாள் மகள்.

"நீ சும்மா இருடி!"

அக்கா, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்:

"நர்ஸம்மா வர்றாங்க, வழி விடுங்கப்பா!"

கூட்டம் நிஜமாகவே வழி விட்டது.