அந்தரத்தில் ஓடிய சக்கரம்

அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாகூரில், எங்கள் பழைய மோட்டார் காரின் பின் அச்சு தேய்ந்துபோயிருந்தது. கடலூரில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவண்டியில் வரும்போது, பிரெஞ்சு எல்லைச் சாவடிக் காவலர் மறித்தார். நெட்டையான மனிதர். தொப்பி பெரிது, அடிக்கடி கண்ணை மறைக்கும். எந்தச் சாமானையும் முதலில் உள்ளங்கை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்.

மோட்டார் அச்சு என்றேன். அவர் நம்பவில்லை.

"துப்பாக்கிக் கொழா மாரி கீது. வண்டியில மாட்டிக் காட்டு. இல்லன்னா பறிமுதல்தான்" என்று என்னோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

பின்பக்கத்தைக் கட்டைகளில் ஏற்றி, தேய்ந்ததை உருவி, புதியதைப் பொருத்துவதற்குள் அந்தி சாய்ந்துவிட்டது. எஞ்சினைக் கிளப்பி கியரில் போட்டதும் சக்கரங்கள் அந்தரத்தில் சுழன்றன.

"நானு ஏறிக் குந்தட்டுமா?" என்றார்.

ஏறி உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். வைக்கோல் தூசு பொன்னாய் மிதந்தது. வேப்பமரம் நின்ற இடத்தில்தான் நின்றது. அவர் எங்கோ போய்க்கொண்டிருந்தார்.

"கட்டைய எடுத்துட்டு ஒரு சுத்து போலாம், வாங்க."

"வேணாம்பா. ரோட்டுல போனா எவனாவது நிறுத்துவான்."

மறுவாரம் மோட்டாரில் போனபோது, சாவடியில் அவரேதான் என்னை நிறுத்தினார். தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளவில்லை. மூட்டைகளைச் சோதித்தார். பிறகு பின்சக்கரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடினார். பின்னால் மாட்டுவண்டிகள் சேர்ந்துவிட்டன. நான் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தேன்.