நாலாவது பரிமாணத்திலிருந்து தெரியும் வயிறு

ரங்கத் படகுத்துறையிலிருந்து லாங் ஐலண்ட் என்ற சின்னத் தீவுக்குப் போகும் படகில் என் பக்கத்தில் மூக்கு நுனியில் கண்ணாடியோடு ஓர் அம்மாள். மடியிலிருந்த டேப்லெட்டில் ஃப்ராக்டல் படம் உருவாக்கிக்கொண்டிருந்தார். ஒரு சுருளை விரலால் பெரிதாக்கினால் அதற்குள் அதே மாதிரிச் சுருள்கள். எனக்கோ அலையில் குமட்டியது.

“நாலாவது பரிமாணத்துலேருந்து பாத்தா நம்ம வயித்துக்குள்ள இருக்கிறதுகூட தெரியும், தம்பி,” என்றார்.

“கொஞ்ச நேரத்துல இங்கேருந்தே தெரியும்க்கா.”

சிரித்தபடி பிளாஸ்டிக் பை ஒன்றை நீட்டினார். சரியாக உதவியது.

“லாங் ஐலண்ட் வந்துடுச்சுக்கா, இறங்கலியா?”

“ஏக் மினிட், இந்தச் சுருளுக்குள்ள போயிட்டு வந்துடறேன்.”

நான் இறங்கித் திரும்பினால், படகு அவரோடு ரங்கத்துக்கே கிளம்பிவிட்டது. கத்திக் கூப்பிட்டேன். நிமிர்ந்தவர் பதறவில்லை; முடிந்த படத்தைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவு தூரத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பிரமாதம் என்று கையசைத்தேன்.